ஹால் சுவர் அலமாரியில் புத்தகம் அடுக்க: அளவு, எடை, ஓதம், அப்புறம் அழகு

தமிழ்நாட்டில் முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் கட்டிய வீடுகளின் ஹாலில் பெரும்பாலும் ஒரு சுவர் அலமாரி இருக்கும். கடப்பா கல்லிலோ சிமெண்ட் ஸ்லாபிலோ நாலைந்து தட்டு, சில வீடுகளில் முன்னால் நகரும் கண்ணாடி. பெயர் ஷோகேஸ். உள்ளே பள்ளிக்கூட ஷீல்டுகள், கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி அன்னப்பறவை, ஓடாத கடிகாரம், இவற்றுக்கு நடுவே சாய்ந்து கிடக்கும் பத்துப் பதினைந்து புத்தகங்கள். புதிய அடுக்குமாடி வீடுகளில் அதே இடத்தில் கார்பெண்டர் அடித்த பிளைவுட் அலமாரி நிற்கிறது, டிவிக்கு இரண்டு பக்கமும் ஏறிப்போகும் தட்டுகளோடு.

படங்களில் பார்த்து மயங்கும் அலமாரிகளுக்கும் இவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. படத்தில் இருப்பது ஒரு சாண் சொச்சம் ஆழம்தான், தட்டை வேண்டிய உயரத்துக்கு நகர்த்தலாம், ஊரும் குளிர்ச்சியானது. நம் சுவர் அலமாரியின் ஆழம் 14 முதல் 18 அங்குலம் வரை போகும், தட்டு நகராது, பின்சுவர் மெல்லியது, ஐப்பசியில் அடைமழை. அதனால் முதலில் அளவையும் எடையையும் ஈரத்தையும் சரிபார்த்துவிட்டுத்தான் அலங்காரத்தில் கை வைக்க வேண்டும். வரிசை மாறினால் டிசம்பரில் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

முதல் வேலை: மொத்தமாக இறக்குவது

ஐந்து தட்டு அலமாரிக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள், மழையில்லாத நாளாக. இஞ்ச் டேப், 2 அங்குல மென்மையான பெயிண்ட் பிரஷ் (புதியது), உலர்ந்த பருத்தித் துணி நான்கு, பழைய பெட்ஷீட், முகக்கவசம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பாதியை இறக்கிவிட்டுப் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு அடுக்க ஆரம்பித்தால் பழைய அடுக்கே திரும்பி வரும். எல்லாத் தட்டும் காலியாக வேண்டும்.

புத்தகங்களைத் தரையில் போடாமல் கட்டிலில் பெட்ஷீட் விரித்து வையுங்கள். தூசி தட்ட இரண்டு புத்தகங்களை ஒன்றோடொன்று அடிக்கும் வழக்கம் வேண்டாம். தூசி பக்கங்களுக்குள் போகும், பைண்டிங்கும் விடும். புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்து, மேல் விளிம்பை முதுகிலிருந்து வெளிப்பக்கமாகப் பிரஷால் தள்ளினால் போதும்.

இறக்கும்போதே சில வேண்டாத சாமான்களைக் கழற்றிவிடுங்கள். ரப்பர் பேண்ட் வெயிலில் உருகி அட்டையோடு ஒட்டும். பள்ளிப் பழக்கத்தில் போட்ட பிளாஸ்டிக் அட்டை மழைக்காலத்தில் உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும். தட்டில் விரித்த பழைய நாளிதழ் எல்லாவற்றையும்விட மோசம். அந்தக் காகிதத்தில் அமிலம் உண்டு, ஈரத்தை உறிஞ்சும், அதற்கு அடியில்தான் பூச்சி குடித்தனம் நடத்தும். புத்தகத் தட்டில் எதுவும் விரிக்கத் தேவையில்லை. கடப்பா கல் கருப்பாக மின்ன வேண்டும் என்று எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. புத்தகத்தின் அடிவிளிம்பு அந்த எண்ணெயை உறிஞ்சிக் கறையாகும். அப்படித் தடவியிருந்தால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, மின்விசிறியைப் போட்டு மூன்று மணி நேரமாவது காயவிட்டுத்தான் புத்தகம் ஏற்ற வேண்டும்.

எத்தனை அங்குலம் வேண்டும்

தமிழில் வரும் கதை, கட்டுரை, கவிதை நூல்களில் பெரும்பாலானவை இரண்டு அளவுக்குள் அடங்கும். கிரௌன் 1/8 என்பது ஏறத்தாழ 7¼ அங்குல உயரம், 4¾ அங்குல அகலம். டெமி 1/8 என்பது 8½ அங்குல உயரம், 5½ அங்குல அகலம். இவற்றுக்கு மேல் ராயல் அளவில் அகராதிகள், தொகுப்பு நூல்கள் 9½ அங்குலம் வரை வரும். ஓவிய நூல்கள், அட்லஸ், கல்யாண ஆல்பம் எல்லாம் 11, 12 அங்குலம்.

புத்தகத்தின் தலைக்கு மேல் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் இடம் இருந்தால் விரல் நுழைத்து எடுக்கலாம். அதற்குக் குறைந்தால், முதுகின் மேல் நுனியில் நகத்தை மாட்டி இழுப்பார்கள். கெட்டி அட்டைப் புத்தகங்கள் முதலில் கிழிவது அந்த இடத்தில்தான். ஆகவே தட்டுகளுக்கு இடையே கிரௌனுக்கு 9, டெமிக்கு 10, பெரியவற்றுக்கு 13 அங்குலம்.

புதிதாக அடிக்கப் போகிறவர்கள் கார்பெண்டரிடம் 'சமமாகப் பிரித்துப் போடுங்கள்' என்று சொல்லிவிட்டு நகரக் கூடாது. சமமாகப் பிரித்தால் எல்லாத் தட்டும் 12 அங்குலத்தில் வந்து, எல்லாவற்றிலும் மூன்று நான்கு அங்குலம் வீணாகும். கீழிருந்து மேலாக 13, 10, 10, 10, 9, 9 என்று கேளுங்கள். முக்கால் அங்குலப் பலகை ஏழு, கீழே 4 அங்குலப் பீடம், ஆக 5 அடி 10¼ அங்குலத்தில் ஆறு தட்டு கிடைக்கும். மேல் தட்டிலிருந்து எடுக்க ஸ்டூல் வேண்டாம். அந்த 4 அங்குலப் பீடத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வீடு துடைக்கிற தண்ணீர் தினமும் தொடுகிற இடம் அது. புத்தகத்துக்கு மட்டும் என்றால் 10 அங்குல ஆழமே தாராளம். ஆல்பங்களும் வைக்க 12. அதற்கு மேல் ஆழம் கேட்டால் பிளைவுட்டுக்குத்தான் செலவு.

எடை

டெமி அளவுப் புத்தகங்களை நெருக்கமாக அடுக்கினால் ஓர் அடி நீளத்துக்கு ஏறத்தாழ 7 கிலோ வரும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சான பெரிய புத்தகங்கள் என்றால் அடிக்கு 15 கிலோவைத் தாண்டும். மூன்றடித் தட்டில் ஒரே வரிசை 20 கிலோ, முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை வைத்தால் 40. ஒரு மூட்டைச் சிமெண்ட் 50 கிலோ என்பதை நினைத்துக்கொண்டு அந்தத் தட்டைப் பாருங்கள்.

பலகை தொய்வதில் நீளத்துக்குத்தான் பெரிய பங்கு. ஒரே மாதிரி நெருக்கமாக அடுக்கும்போது, தாங்கல்களுக்கு இடையே உள்ள நீளம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும். 3 அடியை 4 அடியாக்கினாலே மூன்று மடங்குக்கு மேல். 'ஓர் அடிதானே கூட' என்று நடுத்தாங்கலை விட்டுவிடும்போது நடப்பது இதுதான். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 30 அங்குலம் பாதுகாப்பான நீளம். 36 அங்குலம் வேண்டுமென்றால் முன் விளிம்பின் அடியில் ஒன்றரை அங்குல உயர மரப்பட்டையை நிமிர்த்திப் பசையும் திருகும் போட்டு அடிக்கச் சொல்லுங்கள். பட்டை படுத்திருந்தால் பயனில்லை. பார்ட்டிக்கிள் போர்டில் செய்த ரெடிமேட் அலமாரியில் 24 அங்குலத்துக்கு மேல் புத்தகம் நிரப்ப வேண்டாம். ஒரு முறை தொய்ந்தால் அது எடையை எடுத்த பிறகும் நிமிராது. தொய்ந்ததா என்று பார்க்க, தட்டின் முன் விளிம்பில் இரு முனைக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் 2 மி.மீ. இறக்கமே கண்ணுக்குத் தெரியும்.

கடப்பா கல் தொய்யாது, உடையும். அடிப்புறத்தில் விரலைத் தடவி விரிசல் இருக்கிறதா பாருங்கள். மூன்றடிக்கு மேல் நீளமான கல்லுக்கு நடுவில் ஒரு நிறுத்துக் கல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தட்டில் பொம்மைகள் மட்டும் இருக்கட்டும்.

தனியாக நிற்கும் அலமாரி 4 அடிக்கு மேல் இருந்தால் மேல் பக்கத்தில் இரண்டு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணையுங்கள். குழந்தைகள் கீழ்த் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள், அலமாரி முன்னால் கவிழும். நம் சுவரில் பூச்சு மட்டுமே அரை முதல் முக்கால் அங்குலம். ஒன்றரை அங்குலத் திருகில் பாதி அந்தப் பூச்சிலேயே தொங்கும். 8 மி.மீ. பிளக்கும் இரண்டரை அங்குலத் திருகும் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். தரை வாட்டமாக இருந்தால் முன்கால்களுக்கு அடியில் மெல்லிய ஆப்பு வைத்து, அலமாரி இம்மியளவு சுவர்ப்பக்கம் சாயும்படி நிறுத்துங்கள்.

ஓதம்

செங்கல் வீடுகளில் வெளிச்சுவர் 9 அங்குலம். அலமாரி விட்ட இடத்தில் பின்னால் மிஞ்சுவது நாலரை அங்குலச் சுவர். அது மழைச்சாரல் அடிக்கிற பக்கம் என்றால், வடகிழக்குப் பருவமழை நடக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரம் உள்ளே வரும். அலமாரிக்குள் பெயிண்ட் பொரிந்து உதிர்வது, உப்புப் பூப்பது, மூடித் திறந்தால் மண்வாசனை, இவை மூன்றில் ஒன்று இருந்தாலும் சோதித்துப் பாருங்கள்.

ஓரடிச் சதுரத்துக்கு ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, அலமாரியின் பின்சுவரில் நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் பூத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளியில்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பூச்சுப் பார்க்க வேண்டும். உள்ளே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் ஒரு மழைக்குத்தான் தாங்கும். தாளின் வெளிப்புறம், அதாவது அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். கதவைத் திறந்துவைத்தால், மின்விசிறி போட்டால் சரியாகும்.

பலரும் செய்வது ஈரச் சுவரைப் பிளைவுட்டால் மறைப்பது. ஓதம் மறைந்து நிற்கும், கரையான் அதன் வழியே ஏறும், ஒரு வருடம் கழித்துப் பலகையைத் தட்டினால் காகிதம் போல் உள்வாங்கும். மறைத்தே ஆக வேண்டுமென்றால் பிவிசி அல்லது டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) ஷீட்டை, சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி, மேலும் கீழும் காற்றுப் போக வழிவிட்டு மாட்டுங்கள். எந்தச் சுவராக இருந்தாலும் புத்தகத்துக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலம் காலியாக இருக்கட்டும்.

பெயிண்ட் அடிப்பவர்களுக்கு இரண்டு சொல். சுண்ணாம்பு அடித்த தட்டில் புத்தகம் வைத்தால் வெள்ளை மாவு அட்டையில் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு எமல்ஷன் ஒரு கோட் கட்டாயம். அந்த எமல்ஷனும் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்குமே தவிர முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். மறுநாளே கனமான புத்தகங்களை ஏற்றினால் எடுக்கும்போது பெயிண்ட் பொருக்கோடு வரும். நிறத்தைப் பொறுத்தவரை, அலமாரியின் உட்புறம் நிழல் விழும் இடம். ஹால் சுவருக்கு அடித்த அதே வெள்ளை உள்ளே சாம்பலாகத் தெரியும். லேசாக மஞ்சள் கலந்த வெண்மை எடுங்கள். அடர் பச்சையோ நீலமோ ஆசைப்பட்டால் உள்ளே விளக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள், இல்லையென்றால் குகை.

ஆழம் என்னும் தலைவலி

நம் சுவர் அலமாரி அழகாகத் தெரியாததற்கு முக்கியமான காரணம் இது. 16 அங்குல ஆழத் தட்டில் ஐந்தரை அங்குலப் புத்தகத்தைப் பின்சுவர் வரை தள்ளிவிடுகிறோம். புத்தகங்கள் இருட்டுக்குள் போய்விடும். முன்னால் 10 அங்குலக் காலி மேடை. காலி மேடை கண்ணில் பட்டால் வீட்டில் யாருடைய கையும் சும்மா இருக்காது. சாவிக்கொத்து, மாத்திரை அட்டை, மின்சாரக் கட்டண ரசீது, பாதி தீர்ந்த பேட்டரி. ஒரு மாதத்தில் புத்தகத்தை எடுக்க முன்னால் இருப்பதை நகர்த்த வேண்டும், அப்புறம் எடுப்பதே நின்றுவிடும்.

தீர்வு, புத்தகங்களின் முதுகை முன்னால் கொண்டுவருவது. தட்டின் முன் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி எல்லா முதுகும் ஒரே கோட்டில் நிற்கட்டும். குட்டைப் புத்தகம், அகலப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அதே கோடு. எந்தப் பொருளும் வாங்காமல், இந்த ஒன்றைச் செய்தாலே அலமாரி பாதி திருந்திவிடும். பின்னால் மிஞ்சும் இடத்தில் புத்தகம் நழுவிப் போகாமலிருக்க ஒரு தடுப்பு வேண்டும். 2 அங்குல உயர ரீப்பர் கட்டையைத் தட்டின் நீளத்துக்கு வெட்டி, முன் விளிம்பிலிருந்து ஆறரை அங்குலத்தில் போட்டால் டெமி புத்தகம் அதில் முட்டி நிற்கும். கட்டைக்குப் பின்னால் காற்று ஓடும். அந்த இடத்தில் பழைய நோட்டு, சார்ஜர் என்று திணிக்க வேண்டாம். எலியும் பாச்சையும் அதற்குத்தான் காத்திருக்கும்.

புத்தகம் அதிகம், தட்டு குறைவு என்றால் இரண்டு வரிசை. ஆனால் ஒரே மட்டத்தில் இரண்டு வரிசை வைத்தால் பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோய், இருக்கும் புத்தகத்தை மறுபடி வாங்கிவருவீர்கள். பின்வரிசையைக் கொலுப்படி போல உயர்த்துங்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் 6 அங்குல அகலத்துக்கு ஒரு பலகை, தட்டின் நீளத்தைவிடக் கால் அங்குலம் குறைவாக. அடியில் இரு முனைக்கும் நடுவுக்கும் மூன்று கால்கள், மொத்த உயரம் 4 அங்குலம். அதன் மேல் நிற்கும் டெமி புத்தகத்தின் தலை தட்டிலிருந்து 12½ அங்குலத்தில் இருக்கும், முன்வரிசைக்கு மேல் 4 அங்குலம் தெரியும். தலைப்பைப் படிக்கவும் விரலால் பிடிக்கவும் அது போதும். இதற்குத் தட்டுகளின் இடைவெளி குறைந்தது 14 அங்குலமும் ஆழம் 13 அங்குலமும் வேண்டும். பெரும்பாலான ஸ்லாப் அலமாரிகளில் இரண்டும் இருக்கும். எடை இரட்டிப்பாவதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆழத்தைப் போலவே உயரமும் தொந்தரவு செய்யும். 15 அங்குலத் தட்டில் 8½ அங்குலப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தினால் தலைக்கு மேல் ஆறரை அங்குலத்துக்கு ஒரு கரும்பட்டை தெரியும். அந்த இடத்தை நிரப்ப, நிற்கும் புத்தகங்களின் தலையில் படுக்கைவாட்டில் புத்தகங்களைச் செருகுவது எல்லோரும் செய்யும் தவறு. கீழே உள்ளதை எடுக்க மேலே உள்ளதை இறக்க வேண்டும், முதுகுகளும் வளையும். தட்டு முழுவதையும் நிற்கும் புத்தகங்களால் நிரப்பாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். 12 முதல் 14 அங்குல நீளத்துக்கு நிற்கும் வரிசை, அடுத்து ஐந்தாறு புத்தகங்களைப் படுக்கவைத்த ஓர் அடுக்கு, அந்த அடுக்கின் மேல் ஒரு சொம்பு அல்லது பொம்மை, தலை 11, 12 அங்குலம் தொடும்படி. படுக்கை அடுக்கே நிற்கும் வரிசைக்குத் தடுப்பாகவும் ஆகிவிடும். ஆறுக்கு மேல் படுக்கவைத்தால் அடியில் இருப்பதை யாரும் எடுக்க மாட்டார்கள். மேல் தட்டில் இந்த அடுக்கு இடப்பக்கம் என்றால் அடுத்த தட்டில் வலப்பக்கம். நேர்க்கோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தால் தூண் போலத் தெரியும்.

எதை எங்கே

கனமானவை கீழே. அகராதி, கலைக்களஞ்சியம், பைண்ட் செய்த பழைய தொடர்கதைகள் அடித்தட்டு அல்லது அதற்கு மேல் தட்டு. வார இதழிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்துப் பாட்டி பைண்ட் செய்து வைத்தவை இருந்தால் அவற்றை நிமிர்த்தி வைக்காமல் படுக்கவையுங்கள். அந்தத் தையல் நின்றபடி எடையைத் தாங்காது, காகிதமும் பொடிகிற நிலையில் இருக்கும். சிறுவர் நூல்கள் தரையிலிருந்து 2 அடிக்குள். நிற்கும்போது கண் மட்டத்தில் வரும் தட்டு, நீங்கள் அடிக்கடி எடுக்கிற புத்தகங்களுக்கு. ஸ்டேப்பிள் அடித்த சிறு வெளியீடுகள், பஞ்சாங்கம், சிற்றிதழ்கள் இவற்றுக்கு முதுகே கிடையாது. எத்தனை அழகாக நிறுத்தினாலும் குப்பை போலத் தெரியும். சாய்வாக வெட்டிய அட்டைப் பெட்டிகளில் போட்டு, பெட்டியின் முதுகில் கையால் பெயர் எழுதுங்கள்.

நிறவாரியாக அடுக்குவது படத்துக்கு நன்றாக வரும், நாலு பேர் படிக்கிற வீட்டுக்கு ஆகாது. ஒரே எழுத்தாளரின் பத்து நூல்கள் பத்து இடத்தில் போய் உட்காரும். அதைவிட, பொருளால் பிரித்துக்கொண்டு (நாவல், கவிதை, வரலாறு, சமையல், பக்தி), ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் உயரவாரியாக நிறுத்துவது நல்லது. தமிழ்ப் பதிப்பகங்கள் பல, தொகுப்புகளை ஒரே மாதிரி முதுகோடு போடுவதால் நிறமும் ஓரளவு தானே சேர்ந்துகொள்ளும். முதுகைப் பின்னால் திருப்பி, வெள்ளைப் பக்கங்கள் முன்னால் தெரிய அடுக்கும் ஒரு பாணி சில வருடங்களாக உலவுகிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நெருக்கத்தைச் சோதிக்க எளிய வழி: நடுவில் உள்ள ஒரு புத்தகத்தின் இரு பக்கப் புத்தகங்களையும் விரலால் கொஞ்சம் உள்ளே தள்ளி, நடுப் புத்தகத்தை இடுப்பில் பிடித்து இழுங்கள். பக்கத்துப் புத்தகங்கள் கூடவே வந்தால் நெருக்கம் அதிகம். எடுத்ததும் மற்றவை சரிந்தால் தளர்வு அதிகம், ஒரு புக் எண்ட் வையுங்கள். சாய்ந்தே நிற்கும் புத்தகம் ஆறு மாதத்தில் கோணலாகிவிடும். எல்லாத் தட்டையும் நிரப்பிவிட வேண்டாம். ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சி, ஆகஸ்டில் ஈரோடு, நடுவில் மாவட்டத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்ட பிறகு, ஆறு தட்டில் ஒரு தட்டின் அளவாவது காலி இடம் பிரிந்து கிடக்க வேண்டும்.

பொருட்கள்

புத்தகமும் பொருளும் கலந்த அலமாரியில் மூன்றில் இரண்டு பங்கு புத்தகம், மீதியில் பொருளும் காலி இடமும் என்பது தொடங்குவதற்கு நல்ல கணக்கு. ஒரு தட்டில் மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம். தட்டின் உயரத்தில் பாதிக்குக் குறையாத பொருளாகப் பாருங்கள். இரண்டு அங்குலச் சாமான்களை வரிசையாக வைத்தால் தூரத்திலிருந்து தூசி போலத்தான் தெரியும். சின்னவற்றை வைத்தே தீர வேண்டுமென்றால் ஒரு சிறு பித்தளைத் தட்டில் சேர்த்து வையுங்கள், ஒரே பொருளாகத் தெரியும், துடைக்கவும் தட்டோடு தூக்கலாம்.

வாங்குவதற்கு முன் பரணில் பாருங்கள். தூக்குவாளி, கூஜா, அளக்கும் படி, வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, மரப்பாச்சி, செட்டிநாட்டுக் கொட்டான், ஊறுகாய் போட்ட பீங்கான் ஜாடி. ஜாடியை மட்டும் யோசித்து வையுங்கள். வருடக்கணக்கில் உப்பு ஊறியிருக்கும், மழைக்காலத்தில் ஈரம் விடும். நாலைந்து முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து வெயிலில் காயவைத்தபின்தான் புத்தகத்தின் பக்கத்தில் வரலாம். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினால் நன்றாக அலசி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஓரத்தில் தங்கும் புளித் தண்ணீர் பச்சையாகப் பூத்துத் தட்டில் வட்டம் போடும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் விடுங்கள், ஆட இடம் இல்லாவிட்டால் அதை வைத்துப் பயனில்லை.

ஷீல்டுகளைத் தூக்கிப்போடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பன்னிரண்டும் ஹாலில் நிற்க வேண்டியதில்லை. பெற்றவரையே மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, மற்றவற்றைப் பெயரெழுதிய பெட்டியில் போட்டுப் பரணேற்றுங்கள். சாமி படமும் விளக்கும் இருக்கும் தட்டில் புத்தகம் வேண்டாம், எண்ணெய்ப் புகை மேல் தட்டின் அடிப்பாகத்தில் படிந்து சொட்டும், நெருப்பும் அருகில். மணி பிளாண்ட் வைக்க ஆசைப்பட்டால் எந்தப் புத்தகத்துக்கும் மேல்தட்டில் வைக்காமல், ஓரத்தில், அடியில் தட்டு வைத்து.

எல்லாம் வைத்தபின் எட்டடி பின்னால் போய் ஒரு படம் எடுத்துக் கறுப்புவெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது, எங்கே இருட்டு ஓட்டை என்பது பளிச்செனத் தெரியும். பெரும்பாலும் ஒரு பொருளை எடுத்தால் சரியாகும், இன்னொன்றைச் சேர்த்தால் அல்ல.

விளக்கும் கண்ணாடியும்

12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். தட்டின் அடியில் முன் விளிம்பை ஒட்டி, வெளிச்சம் உள்நோக்கி விழும்படி. பின்சுவரோரம் ஒட்டினால் புத்தக முதுகுகள் எல்லாம் இருட்டில் நிற்கும். மீட்டருக்கு 9.6 வாட் ஸ்ட்ரிப் 3 மீட்டர் என்றால் சுமார் 29 வாட், அதற்கு 36 வாட் அடாப்டர் வாங்குங்கள். கணக்குச் சரியாக 30 வாட்டில் வாங்கினால் சூடேறிச் சீக்கிரம் போகும். அடாப்டரைப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிக்க வேண்டாம்.

கண்ணாடிக் கதவு தூசியைத் தடுக்கும், ஈரத்தையும் அடைத்துவைக்கும். மேலும் கீழும் கால் அங்குல இடைவெளி இருக்கட்டும், வெயிலடிக்கும் நாளில் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். மேற்கு வெயில் நேராக விழும் அலமாரிக்குக் கண்ணாடி பயன்படாது, திரைதான். ஒரே கோடையில் சிவப்பு முதுகுகள் வெளிறிவிடும்.

பூச்சி, பராமரிப்பு

ஏடுகளைத் துளைத்த இராமபாணப் பூச்சியின் காலத்திலிருந்து வசம்பு வைத்துவருகிறோம். வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் துணிப்பையில் கட்டித் தட்டுக்கு ஒன்று வைக்கலாம். வாசனை இருக்கும்வரைதான் பயன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பச்சை வேப்பிலை கூடவே கூடாது, அது அழுகி ஈரம் விடும். பாச்சை உருண்டையைக் குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போடும் ஆபத்து உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதன் நெடியே ஆகாது.

வெள்ளி நிறத்தில் நெளிந்தோடும் பூச்சி ஒன்று கண்ணில் பட்டால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், மருந்தைவிடக் காற்றோட்டம் முக்கியம். மண்கோடு சுவரில் ஏறினால் அது கரையான். துடைத்துவிட்டு விடாமல் ஆள் வைத்து மருந்து அடியுங்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கியதை நேராக அலமாரியில் சேர்க்க வேண்டாம். காற்றுப் புகாத பையில் கட்டி, ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, எடுத்தபின் ஒரு நாள் முழுக்க பையைப் பிரிக்காமல் வெளியில் விட்டுப் பிரியுங்கள். உடனே பிரித்தால் அட்டை வியர்க்கும்.

வருடத்துக்கு ஒரு பெரிய துடைப்பு போதும். அதற்குச் சரஸ்வதி பூஜையைப் போல் தோதான நாள் இல்லை: எப்படியும் புத்தகங்களை இறக்குவீர்கள், அடைமழை தொடங்கவும் சில வாரமே இருக்கும். பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள், நூல் பிடித்துத் தொய்வைப் பாருங்கள், வசம்புப் பையை மாற்றுங்கள். பொங்கல் கழிந்து காற்று காய்ந்ததும் அலமாரிக் கதவுகளை ஒரு பகல் திறந்துவைத்து, அடித்தட்டுப் புத்தகங்களை மட்டும் எடுத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசனை வந்தால் அந்தப் புத்தகத்தைத் தனியே, நிழலில், மின்விசிறிக்கு எதிரே நிமிர்த்தி விரித்து வையுங்கள். வெயிலில் போட்டால் அட்டை வளைந்து திரும்பி வரும்.